என் மகனின் நோய் நான் கீழ்ப்படியாததற்குத் தண்டனையா?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வயது 38. கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். 15 வயதில் ஒரு வாலிபர் முகாமில், முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன் என்று கர்த்தருக்குப் பொருத்தனை செய்தேன். அன்று இரவே அப்பாவிடம் சொன்னேன். "அதெல்லாம் வேண்டாம், முதலில் எஸ்.பி.எம். பரீட்சையை முடி" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்புறம் தொழிற்சாலை வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை போய்விட்டது. மகனுக்கு இப்போது 9 வயது. இரண்டு வருடமாக அடிக்கடி முகம் வீங்குகிறது, சிறுநீரில் புரதம் இறங்குகிறது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சரியாகிறது, மறுபடி வருகிறது. நான் ஜெபக் கூட்டத்துக்குப் போகாத வாரங்களில்தான் வீக்கம் வருகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். போன மாதம் வீட்டுக் கூட்டத்துக்கு வந்த ஒரு சுவிசேஷகர், "நீ யோனாவைப் போல ஓடுகிறாய், உன் கப்பலில் இருக்கும் பிள்ளை அலைமோதுகிறான், கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். உபாகமம் 28-ஆம் அதிகாரத்தையும் வாசித்தார். கூட்டத்தில் ஒருவர், "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று கேட்டார். இரண்டு நாளாக மாத்திரை கொடுக்கவில்லை. கணவருக்குப் பொருத்தனை விஷயமே தெரியாது. அக்காவிடமும் சொல்ல முடியாது. கோவிட் சமயத்தில் அவளுடைய வளையல்களை வாங்கி அடகு வைத்தேன், மூழ்கிவிட்டது, அதிலிருந்து பேச்சு இல்லை. ஆஸ்பத்திரிக்கும் நான் தனியாகத்தான் பஸ் ஏறுகிறேன். நான் கீழ்ப்படியாததற்கு என் பிள்ளை தண்டனை அனுபவிக்கிறானா? இந்த வயதில் வேதாகமக் கல்லூரிக்குப் போக வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரி, முதலில் மாத்திரை. இதைப் படிக்கும்போதும் பையனுக்குக் கொடுக்காமல் இருந்தால், இங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். இத்தனை நாள் விட்டுப்போயிற்று, எப்படித் திரும்பத் தொடங்குவது என்று கேளுங்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பல நாள் அந்த மாத்திரை உள்ளே போகும்போது, உடல் தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் சோம்பிவிடும். சட்டென்று நிறுத்தினால் பிள்ளை ஆபத்தான நிலைக்குப் போகலாம். அதனால்தான் மருத்துவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். பையனை உபவாசம் இருக்கச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாத்திரையை விடச் சொல்லும் வசனம் ஒன்றுகூட வேதாகமத்தில் கிடையாது. எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப் போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசியேதான். ஜெபமும் மருந்தும் அங்கே ஒரே அறையில் இருந்தன.

கூட்டத்துக்குப் போகாத வாரத்தில் வீக்கம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாரங்களில் ஏன் போகவில்லை? பெரும்பாலும் பையனுக்குச் சளி, காய்ச்சல் என்று வீட்டில் இருந்திருப்பீர்கள். இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்குச் சாதாரணச் சளி பிடித்தாலே சிறுநீரில் புரதம் மறுபடி இறங்குவது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். சளி உங்களை வீட்டில் உட்கார வைத்தது, அதே சளி முகத்தையும் வீங்க வைத்தது. நடுவில் கர்த்தரின் கோபம் நுழைய இடமே இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஏன் வருகிறது என்று மருத்துவத்துக்கே தெளிவாகத் தெரியாது. ஆனால் மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும், வளர வளரப் பலரும் இதிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது இதையெல்லாம் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.

சரி, இனி யோனா.

கீழ்ப்படியாமைக்கு விளைவே கிடையாது என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். வேதாகமத்தில் அது பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. அமலேக்கியரோடு நடந்த போரில் எல்லாவற்றையும் அழித்துவிடு என்று சொன்னபடி செய்யாமல், நல்ல ஆடுமாடுகளை ஒதுக்கிவைத்துக்கொண்டு 'பலியிடத்தான் வைத்தேன்' என்று சாக்குச் சொன்னான் சவுல் ராஜா. "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்" என்று சாமுவேல் தீர்க்கதரிசி முகத்துக்கு நேராகச் சொன்னார். ராஜ்யம் கைவிட்டுப் போயிற்று. (அந்தப் போர்க் கட்டளையைப் படிக்கும்போதே நெஞ்சு உறுத்துகிறது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.) மோசே மேரிபாவில் பாறையைப் பார்த்துப் பேசச் சொன்னபோது கோலால் இரண்டு தரம் அடித்தார். 120 வயதில் நேபோ மலையில் நின்று கானானைக் கண்ணால் பார்த்ததோடு சரி, உள்ளே போகவில்லை. ஆனால் அவர் அடித்த பாறையிலிருந்து தண்ணீர் வந்தது. ஜனங்களும் குடித்தார்கள், அவர்களுடைய மிருகங்களும் குடித்தன. மோசேயின் தவறுக்காக யாருடைய பிள்ளையும் தாகத்தில் சாகவில்லை.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கட்டளை முன்பே தெளிவாக வந்திருக்கிறது. செய்தவனுக்குத் தான் செய்தது என்ன என்று தெரியும். இன்ன செயலுக்கு இன்ன விளைவு என்று பெயர் சொல்லி அவனிடமே சொல்லப்படுகிறது. செயலிலிருந்து விளைவுக்கு, முன்பக்கமாக நடக்கும் வழி அது. உங்கள் வீட்டுக் கூட்டத்தில் நடந்தது தலைகீழ். முதலில் ஒரு நோயைப் பார்த்தார்கள். பிறகு அதற்குப் பொருத்தமாக ஒரு பாவத்தை உங்கள் பழைய வாழ்க்கையில் துழாவி எடுத்தார்கள்.

அப்படிப் பின்பக்கமாக நடந்தவர்கள் வேதாகமத்திலேயே உண்டு. யோபுவின் நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். ஏழு நாள் யோபுவோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்ததும், 'இவ்வளவு துன்பம் வந்திருக்கிறது என்றால் நீ ஏதோ செய்திருக்க வேண்டும்' என்று ஆரம்பித்தார்கள். பில்தாத் இறந்துபோன பிள்ளைகளையும் விடவில்லை, அவர்கள் செய்த பாவத்துக்குத்தான் அந்தக் கதி என்றார். அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள், பேச்சில் பக்திக்கும் குறைவில்லை. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் யார் மேல் கோபப்படுகிறார் பாருங்கள். என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று நண்பர்களிடம்தான் சொல்கிறார். யோபு ஜெபித்தால்தான் அவர்களுக்கு மன்னிப்பு என்றும் சொல்கிறார்.

பிறவிக் குருடனைப் பார்த்து, "இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா?" என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்தார். யோவான் 9-ஆம் அதிகாரம். நீங்கள் என்னிடம் கேட்டிருப்பதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். அவர் கொடுத்ததைத் தாண்டி வேறு பதில் என்னிடம் இல்லை.

உங்கள் சுவிசேஷகர் யோனாவை அரைக்கதையாகச் சொல்லியிருக்கிறார். நினிவேக்குப் போ என்றால் யோப்பாவில் கப்பலேறி தர்ஷீசுக்கு ஓடினான், புயல் வந்தது, அதெல்லாம் உண்மை. யாரால் இந்தப் புயல் என்று மாலுமிகள் சீட்டுப் போட்டபோது, தான் ஓடுவதை யோனாவே ஒத்துக்கொண்டான். 23 வருடம் கழித்து ஒருவர் வந்து அவனுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கப்பலில் இருந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. சரக்குதான் கடலில் போயிற்று. மீன் வந்தது அவனைக் கொல்வதற்காக இல்லை, மூழ்காமல் காப்பாற்ற. அப்புறம் மூன்றாம் அதிகாரம், இரண்டாந்தரம் கர்த்தருடைய வார்த்தை அவனுக்கு உண்டானது என்று தொடங்குகிறது. புத்தகம் முடியும் இடத்தில் கர்த்தர் 1,20,000-க்கு மேற்பட்ட நினிவே ஜனங்களுக்காகவும் 'அநேக மிருகஜீவன்களுக்காகவும்' பரிந்து பேசுகிறார். ஒரு ஊரின் மாடுகளுக்காகப் பரிகிறவர், பழைய பாக்கியை உங்கள் ஒன்பது வயதுப் பையனின் சிறுநீரகத்தில் வசூல் செய்வாரா?

உபாகமம் 28-ஐப் பொறுத்தவரை, அது ஒரு தனி வீட்டுக்கு எழுதியது இல்லை. கானானுக்குள் நுழையப்போகும் ஒரு தேசம் முழுவதற்கும் சொன்ன உடன்படிக்கைப் பேச்சு. ஆசீர்வாதம் 14 வசனம், சாபம் அதிலிருந்து 68-ஆம் வசனம் வரை. அந்த விளைவு வரவும் செய்தது. கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் வட தேசம் அசீரியாவிடம் வீழ்ந்தது, கி.மு. 586 வாக்கில் எருசலேம் பாபிலோனிடம் வீழ்ந்தது. ஏன் என்று தீர்க்கதரிசிகளிடம் கேட்டால் விக்கிரக வழிபாட்டைச் சொல்வார்கள், அதே மூச்சில் கூலிப் பிரச்சினையையும் சொல்வார்கள். ஏழையை ஒரு ஜோடு செருப்புக்கு விற்கிறார்கள் என்றார் ஆமோஸ். விடுதலை செய்த அடிமைகளை மறுபடி பிடித்துவந்தார்கள் என்றார் எரேமியா. தசமபாகத்துக்காக நம் சபைகளில் மல்கியா 3:10 எத்தனை தரம் வாசிக்கப்படுகிறது! அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனம் கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைக்கிறவனுக்கு எதிராகக் கர்த்தரே சாட்சியாக வருவார் என்கிறது. தோட்டத்தில் பிறந்த நமக்கு அல்லவா அந்த வசனம் முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டும்? அதை விட்டுவிட்டு, கடவுளைப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, பிந்தி வந்தவனின் பேரை செக்ரோல் புத்தகத்தில் குறித்து வைத்துக் கூலியை வெட்டும் தோட்டக் கிராணியாக்கி வைத்திருக்கிறோம்.

தாவீதின் குழந்தையை நீங்கள் குறிப்பிடவில்லை. ஆனால் இரவில் தூக்கம் வராதபோது அந்தக் கதை நினைவுக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைச் சாகடித்தான் தாவீது. பிள்ளை நோயுற்றது, தாவீது தரையில் கிடந்து உபவாசித்தான், ஏழாம் நாள் பிள்ளை இறந்தது. கடினமான கதை. எனக்கும் அதைச் சுலபமாக்கிச் சொல்லத் தெரியாது, சுலபமாக்குகிறவர்களை நம்பவும் மாட்டேன். ஆனால் அதிலும் பிள்ளை நோயில் விழுவதற்கு முன்பே நாத்தான் தீர்க்கதரிசி வந்துவிடுகிறார், இன்ன கொலை, இன்ன துரோகம் என்று சொல்லிவிடுகிறார். அதை எல்லா வீட்டுக்கும் சட்டமாக்க முடியாது என்பதை வேதாகமமே சொல்கிறது. 'பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசிற்று' என்ற பழமொழியை இனி இஸ்ரவேலில் சொல்லக் கூடாது என்கிறது எசேக்கியேல் 18. தகப்பனின் அக்கிரமத்தைப் பிள்ளை சுமப்பதில்லை என்று அதே அதிகாரத்தின் 20-ஆம் வசனம். தாய்க்கும் அதுதான்.

அடுத்து உங்கள் பொருத்தனை. சுவிசேஷகர் எண்ணாகமம் 30-ஆம் அதிகாரத்தை வாசித்திருந்தால் கூட்டம் வேறு மாதிரி முடிந்திருக்கும். தகப்பன் வீட்டில் இருக்கும் சிறுபெண் ஒரு பொருத்தனை செய்கிறாள். தகப்பன் அதைக் கேட்ட நாளிலேயே வேண்டாம் என்று தடுத்துவிட்டால் அது நிற்காது. கர்த்தர் அதை அவளுக்கு மன்னிப்பார் என்று 5-ஆம் வசனம் சொல்கிறது. உங்களுக்கு 15 வயது, அப்பா வீடு, அன்று இரவே கேட்டார், அப்போதே வேண்டாம் என்றார். இதைவிடப் பொருத்தமான வழக்கு அந்த அதிகாரத்துக்குக் கிடைக்காது. மகள்களின் வாயை அப்பாக்கள் அடைக்க இது உரிமை தருகிறது என்று நான் சொல்லவில்லை, அந்தக் காலத்துக் குடும்ப அமைப்பில் எழுதிய சட்டம் அது. ஆனால் சிறு வயதில் உணர்ச்சி வேகத்தில் சொன்ன சொல் ஆயுளுக்கும் சுருக்குக் கயிறாகக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. பெரியவர்களுக்கும் வழி இருந்தது. பொருத்தனையாக ஒப்புக்கொடுத்த ஆளைப் பணம் செலுத்தி மீட்டுக்கொள்ளலாம் என்கிறது லேவியராகமம் 27. ஐந்து வயது முதல் இருபது வயது வரையுள்ள பெண்ணுக்குப் பத்துச் சேக்கல். அதற்கும் வசதி இல்லாதவருக்கு அவர் சக்திக்குத் தக்கபடி ஆசாரியன் மதிப்புப் போட வேண்டும். யெப்தா அவசரத்தில் ஒரு பொருத்தனை செய்தான், அதற்கு விலை கொடுத்தவள் மகள். அந்தப் பொருத்தனையைக் கர்த்தர் அவனிடம் கேட்கவே இல்லை.

"கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்ற பேச்சுக்கு ஒரு கதை சொல்கிறேன். 1 இராஜாக்கள் 13. யூதாவிலிருந்து ஒரு தேவமனிதன் பெத்தேலுக்கு வந்தான். அங்கே சாப்பிடாதே, தண்ணீர் குடிக்காதே என்பது அவனுக்கு நேரடியாகக் கிடைத்த கட்டளை. வழியில் ஒரு கிழவர், தானும் ஒரு தீர்க்கதரிசி, தூதன் தன்னோடு பேசினான், வீட்டுக்கு வந்து சாப்பிடு என்றார். அது பொய். நம்பிப் போனவனைத் திரும்பும் வழியில் சிங்கம் கொன்றது. கீழ்ப்படியாமையின் விளைவுக்கு இதைவிடக் கூர்மையான கதை வேதாகமத்தில் குறைவு. அவன் தவறியதே இன்னொருவரின் தரிசனத்தை நம்பியதால்தான். உங்கள் சுவிசேஷகர் பொய்யர் என்று நான் சொல்லவில்லை, மனதாரச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் ஒரு தாயை எல்லார் முன்னாலும் நிறுத்தி அப்படிப் பேசியது தவறு. உங்கள் சபைப் போதகரிடம் இதைச் சொல்லுங்கள், உங்களுக்காக அவர் பேசட்டும்.

இனி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன விஷயம். அக்காவின் வளையல்.

பையனின் நோய்க்கு அதுதான் காரணம் என்று இப்போது புதிதாக ஒரு கணக்குப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. பொருத்தனை காரணம் இல்லாததுபோல் வளையலும் காரணம் இல்லை. ஆனால் அந்தச் செயலுக்கு ஒரு விளைவு உண்டு, அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அக்கா பேசுவதில்லை. ஈப்போவுக்குத் தனியாக பஸ் ஏறுகிறீர்கள். வார்டில் பையன் பக்கத்தில் மாற்றி உட்கார ஆள் இல்லை. இது வானத்திலிருந்து விழுந்த புயல் இல்லை, செயலிலிருந்தே முளைத்தது. வேதாகமம் காட்டும் விளைவுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதைச் சரிசெய்ய வழியும் அதிலேயே இருக்கிறது. நம்பி ஒப்படைத்த பொருளை இழக்கச் செய்தவன் முதலையும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 6. ஏமாற்றியவனுக்கான சட்டம் அது, நீங்கள் ஏமாற்ற நினைக்கவில்லை என்று நம்புகிறேன். ஆனால் பொருளைக் கொடுத்தவர் இத்தனை காலம் இழந்திருந்ததையும் அது கணக்கில் எடுக்கிறது, பாருங்கள்.

அதனால் அடகுக்கடையில் அன்று கிடைத்த தொகையை மட்டும் உறையில் போட்டு அனுப்பினால் கணக்குத் தீராது. அடகுக்கடை நகையின் முழு மதிப்பைத் தருவதில்லை, தங்கம் அன்றைக்கு விற்ற விலையும் இன்றைக்கு இல்லை. அத்தனையும் ஒரேயடியாக உங்களால் முடியாது என்பது அக்காவுக்கும் தெரியும். முதலில் நேரில் போங்கள். "அக்கா, மூழ்கிப்போனதை உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை" என்று அதை மட்டும் முதலில் சொல்லுங்கள். பையன் நோயை முன்னால் வைத்து அவள் மனதை இளக்கப் பார்க்காதீர்கள். மாதம் நூறோ இருநூறோ ரிங்கிட், உங்களால் நிச்சயமாகத் தர முடிந்ததைச் சொல்லுங்கள். கதவைச் சாத்தினால் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதமும் பணத்தோடு போங்கள்.

அதற்கு முன் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பொருத்தனை, சுவிசேஷகர் சொன்னது, மாத்திரையை நிறுத்தியது, வளையல். இதில் மாத்திரை விஷயம் அவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். லோரியை விட்டு அவர் எந்த நாளில் லீவு எடுக்க முடியும் என்று பார்த்து, அடுத்த அப்பாயிண்ட்மெண்டுக்கு இரண்டு பேருமாகப் போங்கள். மருத்துவர் சொல்வதை இரண்டு காது கேட்பதற்கு நான்கு காது கேட்கட்டும்.

வேதாகமக் கல்லூரிக்கு இப்போது போக வேண்டியதில்லை. வேதத்தைப் படிக்கும் ஆசை இன்னும் இருக்கிறது என்றால் அது நல்ல ஆசை. பையன் உடம்பு ஒரு நிலைக்கு வந்தபின், உங்கள் சபை ஞாயிறு பள்ளியில் ஆள் தேவையா என்று போதகரிடம் கேட்டுப்பாருங்கள். அதைச் செய்தால் பையன் குணமாவான் என்ற எண்ணத்தில் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி ஒப்புக்கொண்டால், அவனுக்கு அடுத்த முறை சளி பிடிக்கும்போது உங்களையே மறுபடி குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவீர்கள்.